ஜமக்காளத்துல சொன்ன தப்பு

சனிக்கிழமை மத்தியானம் மூணு மணியானா எங்க ஆபீஸ்ல ஜமக்காளம் விரிச்சிருவாங்க. விழுப்புரம் ஸ்டேஷன் பக்கத்துல ஒரு பாத்திரக்கடைக்கு மேல்மாடி, அதுதான் எங்க கம்ப்யூட்டர் சென்டர். எண்பதுகளோட பின்பாதி அது. ஊர்ல பாதிப் பேருக்குக் கம்ப்யூட்டர்னா ஜோசியம் பாக்கற பொட்டின்னு நினைப்பு. பாத்திரக்கடைக்காரரே ஒருநாள் மேல ஏறி வந்து, "எம் பையன் இந்த வருஷமாவது பாஸாவானான்னு பொட்டியக் கேட்டுச் சொல்லும்மா"ன்னாரு. ஆவமாட்டான்னு சொன்னேன். பொட்டியக் கேக்காமலே சொன்னேன். அவனும் ஆவலை. எனக்கு அப்பவே வாய் அப்படி.

நாங்க மொத்தம் அஞ்சு பேரு. மேனேஜர், நானு, என்கூட புரோகிராம் எழுதற ஒருத்தன், பிரிண்டரைப் பாத்துக்கற அண்ணன் ஒருத்தர், அப்புறம் டிரெய்னிங்ல இருந்த ஒரு பொண்ணு. நான் சொல்லப்போறது அந்தப் பொண்ணுக்கு நான் பண்ணினதை. இத்தனை வருஷம் சொல்லாம வச்சிருந்தேன். இப்ப சொல்றதும் மனசு திருந்தி இல்லை. வயசாயிருச்சு, வச்சிருக்க முடியலை, அவ்வளவுதான்.

எங்களுக்கு இருந்த பெரிய வேலை ஒரு கரும்பாலை வேலை. ஆலை பேரு வேணாம், அது மூடிப் பல வருஷமாச்சு. ஆலைக்குக் கரும்பு போடற விவசாயிங்க எல்லாரும் எந்தத் தேதியில நட்டாங்கன்னு ஒரு கட்டு அட்டை வரும். அதை நாங்க கம்ப்யூட்டர்ல ஏத்தி, முன்னால நட்டவன் முன்னால, பின்னால நட்டவன் பின்னாலன்னு வரிசை போட்டு அச்சடிச்சுக் கொடுப்போம். அந்த வரிசைப்படிதான் கட்டிங் ஆர்டர் போவும். ஆர்டர் வந்தாத்தான் வெட்டலாம். ஆர்டர் லேட்டானா கரும்பு நின்னு முத்திப் பூ விட்ரும், எடை போயிரும், அடுப்புக்குத்தான் ஆவும். எங்க வீட்டுலயும் கரும்பு உண்டு. எங்க சித்தப்பா அந்த ஆலைக்குத்தான் போட்டுக்கினு இருந்தாரு. அதனால இது எனக்குப் புத்தகத்துல படிச்ச விஷயம் இல்லை.

மேனேஜர் மெட்ராஸ்ல ஏதோ ஒரு வாரம் டிரெய்னிங் போயிட்டு வந்தாரு. வரும்போது ஒரு யோசனையோட வந்தாரு. வெளிநாட்டுல எல்லாம் புரோகிராம் எழுதறவங்க வாரத்துக்கு ஒரு தடவை வட்டமா உக்காந்து, என்ன செஞ்சோம், எங்க சறுக்கினோம்னு மனசு விட்டுப் பேசுவாங்களாம். அப்படிப் பேசினா தப்பு குறையுமாம், ஒருத்தர் மேல ஒருத்தருக்கு நம்பிக்கை வளருமாம். நல்ல விஷயந்தான். நல்ல விஷயம் நம்மாளு கையில கிடைச்சா இன்னா ஆவும்னு எனக்கு அன்னைக்கே தெரியும்.

அவங்க வீட்டுக் கல்யாண ஜமக்காளம் ஒண்ணு கொண்டாந்து போட்டாரு. செருப்பைக் கழட்டிட்டு வட்டமா சம்மணம் போட்டு உக்காரணும். கம்ப்யூட்டர் ரூமுக்கே செருப்பைக் கழட்டிட்டுத்தான் போவோம், அதனால அது பழக்கம்தான். ஒவ்வொருத்தரும் அந்த வாரம் தான் செஞ்ச தப்பை முதல்ல சொல்லணும். அப்புறம் அடுத்தவங்க கிட்ட பாத்த தப்பு ஏதாவது இருந்தா அதையும் சொல்லலாம். சொல்றப்ப அவங்க குறுக்கே பேசக் கூடாது, மறுக்கக் கூடாது. கேட்டு முடிச்சுட்டு, "நன்றி, திருத்திக்கிறேன்"னு சொல்லணும். மறுத்துப் பேசறதுதான் மனுஷன் வளர்றதுக்கு முதல் எதிரின்னாரு மேனேஜர். எல்லாத்தையும் ஒரு நீள நோட்டுல எழுதி, சொன்னவங்களும் கேட்டு ஒத்துக்கினவங்களும் கையெழுத்துப் போடணும். "இங்க சொல்ற எந்தத் தப்புக்கும் தண்டனை கிடையாது, இது என் வாக்கு"ன்னு கடைசியா ஒண்ணு சொன்னாரு. எல்லாரும் தலையாட்டினோம்.

முதல் ரெண்டு மூணு வாரம் நிஜமாவே நல்லா இருந்துச்சு. பிரிண்டர் அண்ணன், தான் தப்பான தாளைப் போட்டு முன்னூறு பக்கம் வீணாக்கினதையும், அதை எடுத்துக்கினு போய் வீட்டுல பசங்களுக்கு நோட்டு தைச்சுக் கொடுத்ததையும் சொன்னாரு. மேனேஜர் ஒரு மாதிரி சிரிச்சாரு. அடுத்த மாசம் அண்ணன் லீவு கேட்டப்ப, "தாளை வீட்டுக்கு எடுத்துக்கினு போற ஆளுக்கு லீவு வேறயா"ன்னு கேட்டாரு. விளையாட்டாத்தான் கேட்டாரு. ஆனா அன்னையில இருந்து அண்ணன் வாராவாரம் ஒரே தப்புதான் சொன்னாரு: ரிப்பன் மாத்த மறந்துட்டேன். ரிப்பன் மாத்தின வாரமும் அதையேதான் சொன்னாரு.

நாங்க எல்லாரும் கத்துக்கிட்டோம். கூட இருந்த புரோகிராமர் இருக்கானே, அவன் சொல்ற தப்பைக் கேட்டா மாலை போடணும்னு தோணும். "வேலை மும்முரத்துல சாப்பிட மறந்துட்டேன் சார், அதனால மூளை மந்தமாயி ஒரு புள்ளியை விட்டுட்டேன்"பான். மேனேஜரோ, "உங்களை எல்லாம் அளவுக்கு மீறி நம்பிட்டேன், அதுதான் என் தப்பு"ம்பாரு. நானும் சளைச்சவ இல்லை. வெள்ளிக்கிழமையே ஒரு நல்ல தப்பாத் தேடி எடுத்து வச்சுக்குவேன். சின்னதா இருக்கணும், நானே கண்டுபிடிச்சிருக்கணும், நானே சரி பண்ணியிருக்கணும். அப்படி ஒரு தப்பு கிடைக்கலைன்னா உண்டு பண்ணிக்குவேன். நிஜத் தப்பை எல்லாரும் இடுப்புல முடிஞ்சு வச்சுக்கினு, ஜமக்காளத்துல பொய்த் தப்பை அவுத்துக் காட்டிக்கினு இருந்தோம். தப்பைப் பத்திப் பேசறதுக்குன்னே ஒரு கூட்டம் வந்தப்புறம்தான் எங்க ஆபீஸ்ல தப்பை ஒளிக்கறதுல எல்லாரும் தேறினோம். இதை எந்த வெள்ளைக்காரன் எழுதி வச்சிருக்கானோ தெரியாது, நான் கண்ணால பாத்தேன்.

அந்தப் பொண்ணு மட்டும் கத்துக்கலை.

திண்டிவனத்துல இருந்து பிரம்மதேசம் போற ரோட்டுல இருந்துச்சு அவ ஊரு. ஊருன்னா ஊர் இல்லை, காலனி. அப்பா அம்மா ரெண்டு பேரும் அடுத்தவங்க நெலத்துல, எங்க பக்கம் கொல்லைன்னுவோம், மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, பிடுங்கறவங்க. வேதக்காரங்க. கன்னியாஸ்திரீங்க ஹாஸ்டல்ல வச்சுப் படிக்க வச்சு, கணக்குல பி.எஸ்ஸி. முடிச்சிருந்தா. தினம் திண்டிவனத்துல பாசஞ்சர் ஏறி விழுப்புரம் வருவா. எங்க எல்லாரையும் விட மூளை அவளுக்கு. இதை நான் ஒத்துக்கறதுக்கே எனக்கு இவ்வளவு வருஷம் ஆச்சு. என்னை அக்கா அக்கான்னு சுத்தி வருவா. மத்தியானம் என் பக்கத்துல உக்காந்துதான் சாப்பிடுவா. நான் குழம்பு ஊத்துவேன், அவ கிட்ட இருந்து வாங்க மாட்டேன். வயித்துக்கு ஒத்துக்காதுன்னு சொல்லி வச்சிருந்தேன். அவ நம்பினாளா, நம்பற மாதிரி இருந்தாளா, கேட்டதில்லை.

ஜமக்காளத்துல உக்காந்தா அவ நிஜத்தைச் சொல்லுவா. அது ஒரு பேஜாரு. "இந்த வாரம் எனக்கு ஒண்ணும் புரியலை சார், புரிஞ்ச மாதிரி தலையாட்டினேன்." "அக்கா எழுதினதைப் பாத்து எனக்குப் பொறாமையா இருந்துச்சு, அதுல தப்பு தேடினேன், கிடைக்கலை." இப்படிச் சொல்லிட்டு நோட்டுல பளிச்சுன்னு கையெழுத்துப் போடுவா. பிரிண்டர் அண்ணன், "சர்ச்சுல பழக்கம், பாவ சங்கீர்த்தனம் பண்ணுது"ன்னு கிண்டல் பண்ணுவாரு. நாங்க அவளுக்குத் தப்பு சொல்றப்பவும் மத்தவங்க மாதிரி கடனேன்னு நன்றி சொல்ல மாட்டா. வீட்டுக்குப் போய் யோசிச்சுட்டு வந்து திங்கக்கிழமை, "அக்கா, நீங்க சொன்னது சரிதான்க்கா"ன்னு சொல்லுவா. சில சமயம் நாங்க சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்போம். அதையும் சரிதான்ம்பா. செய்யாத தப்பைக்கூட செஞ்சிருப்போமோன்னு யோசிச்சு யோசிச்சு, கடைசியில செஞ்சதா முடிவு பண்ணிருவா. நாங்க அதைப் பாத்துச் சிரிச்சிருக்கோம்.

அவளுக்கு ஒரு வருஷம் டிரெய்னிங். பங்குனியோட முடியுது. முடிஞ்சா பர்மனென்ட் பண்ணணும், இல்லைன்னா அனுப்பிரணும். இதுக்கு நடுவுல தை மாசத்துல கன்னியாஸ்திரீ ஒருத்தங்க அவளுக்கு டீச்சர் டிரெய்னிங்ல ஒரு சீட்டு பிடிச்சு வச்சிருந்தாங்க. சேர்றியா இல்லையா, மாசக் கடைசிக்குள்ள சொல்லு, அடுத்த பொண்ணு காத்துக்கினு இருக்குதுன்னுட்டாங்க. அவ என்கிட்டதான் வந்து கேட்டா. டீச்சர் வேலைன்னா சாவற வரைக்கும் சோறு. ஆனா அவளுக்கு இந்தப் பொட்டி மேலதான் ஆசை. "நீங்க இன்னாக்கா சொல்றீங்க?"ன்னா. நான் சொன்னேன், "அந்தச் சீட்டை விட்ருடி. உன்னை விட்டா இங்க ஆளு ஏது? உனக்கு நிச்சயம்." அன்னைக்கு நான் அதை நிஜமாத்தான் சொன்னேன். அவளும் போய் வேணாம்னு சொல்லிட்டு வந்துட்டா.

இப்ப என் தப்புக்கு வர்றேன். இது நிஜத் தப்பு.

தேதியை நாம நாள், மாசம், வருஷம்னு எழுதுறோம். கம்ப்யூட்டருக்கு அது தேதின்னு தெரியாது, வெறும் ஆறு இலக்க எண்ணு. அப்படியே வரிசை போடச் சொன்னா முதல்ல இருக்கற நாளைப் பாத்துத்தான் அடுக்கும். தை மாசம், அதாவது ஜனவரி இருபத்தெட்டாந்தேதி நட்டவன் பின்னாடி போயிருவான், ஏப்ரல் ரெண்டாந்தேதி நட்டவன் முன்னாடி வந்துருவான். அதனால வரிசை போடறதுக்கு முன்னால தேதியத் திருப்பி, வருஷம், மாசம், நாள்னு மாத்திக்கணும். அதுக்கு புரோகிராம்ல ஒரு வரி இருந்துச்சு. அந்த வரி ஒவ்வொரு அட்டையா எடுத்துத் திருப்பறதுக்குள்ள நேரம் இழுத்துக்கும். மார்கழியில நான் அந்த புரோகிராமை வேகமாக்கறேன்னு உக்காந்தேன். அங்க தட்டி இங்க தட்டி, அந்த வரியையும் எடுத்துட்டேன். அது எதுக்கு இருக்குன்னு அந்த நேரத்துல எனக்கு ஞாபகமே இல்லை. சோதிச்சுப் பாத்தப்ப ஒரே மாசத்து அட்டைங்களை மட்டும் போட்டுப் பாத்தேன். ஒரே மாசம்னா நாளை வச்சு அடுக்கினாலும் வரிசை சரியாத்தானே வரும். வந்துச்சு. முக்கால் மணி நேரம் ஓடினது கால் மணியில முடிஞ்சுது. அந்தச் சனிக்கிழமை மேனேஜர் ஜமக்காளத்துல எனக்குக் கை தட்டச் சொன்னாரு. எல்லாரும் தட்டினாங்க. அவதான் ரொம்ப நேரம் தட்டினா.

மாசியில விவசாயிங்க வந்தாங்க. ஆலைக்குப் போய், ஆலை கைகாட்டி, எங்ககிட்ட வந்துட்டாங்க. பத்துப் பதினஞ்சு பேரு மாடிப்படி அதிர ஏறி வந்து, பூ விட்ட கரும்பைக் கட்டாக் கொண்டாந்து மேனேஜர் மேஜை மேல போட்டாங்க. தையில நட்டவன் கரும்பு காயுது, சித்திரையில நட்டவன் வெட்டிக்கினு போறான், எவன்கிட்ட இன்னா வாங்கினீங்கன்னு கத்தினாங்க. அந்தக் கூட்டத்துல எங்க சித்தப்பாவும் இருந்தாரு. என்னைப் பாத்துட்டு, "நீ இருக்கற எடத்துலயே இப்படியா பாப்பா?"ன்னாரு. எனக்கு மூஞ்சி செத்துப் போச்சு. மேனேஜர் ஒரு வாரத்துக்குள்ள காரணம் சொல்றேன்னு கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பினாரு.

அவங்க வந்தது திங்கக்கிழமை. புதன்கிழமையே அந்தப் பொண்ணு கண்டுபிடிச்சிட்டா. புரோகிராம் அச்சடிச்ச தாளை எடுத்துக்கினு மெஷின் ரூமுக்கு என்னைத் தனியாக் கூப்பிட்டா.

"அக்கா, தேதியத் திருப்பற வரியக் காணோம்க்கா."

நான் தாளைப் பாத்தேன். மார்கழியில நான் எடுத்த வரிதான். ஒவ்வொரு மாத்தத்துக்கும் பக்கத்துல மாத்தினவங்க பேரோட ரெண்டு எழுத்தும் தேதியும் போடணும்னு மேனேஜர் சட்டம். அந்தத் தாள்ல ரிப்பன் மங்கி, ஓரத்துல ஒண்ணும் தெளிவா விழலை.

"நீங்க வேகம் பண்ணப்பதான் போயிருக்கும்னு நெனைக்கிறேன். அதே வாரம் நானும் இதுல, பட்டியல் மேல அச்சாவற தலைப்பைத் திருத்தினேன், நான் கைவச்ச எடம் வேற. சனிக்கிழமை நீங்களே சொல்லிடுங்கக்கா. நான் சொன்னா நல்லா இருக்காது. தண்டனைதான் கிடையாதே."

அவ முகத்துல ஒரு குசும்பு இல்லை, கெட்ட எண்ணம் இல்லை. என்னைக் காப்பாத்தறதாத்தான் அவ நினைப்பு. எனக்கு அதுதான் பத்திக்கினு வந்துச்சு. காலனியில இருந்து வந்து, நான் ஊத்தின குழம்பைத் தின்னுட்டு, எனக்கு வழி சொல்றியான்னு தோணுச்சு. இப்படித்தான் தோணுச்சு, மெழுகிப் பேச நான் வரலை. "சரிடி, நான் பாத்துக்கறேன்"னு சொன்னேன்.

ஒண்ணை இங்க சொல்லிடணும். நான் ஒத்துக்கிட்டிருந்தா எனக்கு ஒண்ணும் ஆயிருக்காது. நான் அப்பவே பர்மனென்ட். எங்க அப்பாவுக்கும் மேனேஜருக்கும் பழக்கம். ஒரு சனிக்கிழமை தலையைக் குனிஞ்சுக்கினு உக்காந்திருக்கணும், சித்தப்பா நாலு நாள் முணுமுணுப்பாரு, அவ்வளவுதான். அந்த ஒரு சனிக்கிழமையை என்னால குடுக்க முடியலை. எனக்குக் கை தட்டின அதே ஆளுங்க முன்னால.

வெள்ளிக்கிழமை மத்தியானம் எல்லாரும் சாப்பிட உக்காந்தாங்க. பசிக்கலைன்னு சொல்லிட்டு நான் மெஷின் ரூமுக்குள்ள போனேன். புரோகிராமைத் திறந்தேன். வரி எடுத்த எடத்துல என்னோட ரெண்டு எழுத்து இருந்துச்சு. அதை அழிச்சு அவளோட ரெண்டு எழுத்தைப் போட்டேன். தேதியை, அவ தலைப்பு திருத்தின தேதியாப் போட்டேன். புது ரிப்பன் மாட்டி, பளிச்சுன்னு ஒரு தாள் அச்சடிச்சு எடுத்தேன். எல்லாம் சேந்து அஞ்சு நிமிஷம். வெளியில அவ சிரிக்கற சத்தம் கேட்டுச்சு, பிரிண்டர் அண்ணன் ஏதோ கதை சொல்லிக்கினு இருந்தாரு. நான் போய் உக்காந்து என் டிபனைப் பிரிச்சு நல்லாச் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை எப்பவும் வாசல் பக்கத்துல இருந்து ஆரம்பிப்பாங்க. நான் ஜல்தியாப் போய் வாசல் பக்கமா உக்காந்துக்கினேன். அவ எனக்கு எதிரே உக்காந்தா. நான் சொல்லப்போறேன்னு அவளுக்குச் சந்தோஷம். தைரியமாச் சொல்லுங்கன்ற மாதிரி தலையை ஆட்டினா.

நான் சொன்னேன்: "இந்த வாரம் என் தப்பு ரொம்பப் பெருசு சார். கரும்பு வரிசை தப்பினதுக்கு நான்தான் காரணம். வேகம் பண்ணினது நானு. அதுக்கப்புறம் தலைப்பு திருத்தச் சொல்லி இவகிட்ட குடுத்தேன். இவ திருத்தறப்ப, வேணாத வரின்னு நினைச்சு, தேதி திருப்பற வரியை எடுத்துட்டா. சின்னப் பொண்ணு, தெரியாம செஞ்சது. நான் சோதிக்காம விட்டேன். இவளை நம்பினது என் தப்பு."

சொல்லிட்டுத் தாளை ஜமக்காளத்து நடுவுல வச்சேன். முழுப் பூசணிக்காயை சோத்துல மறைக்கறதுன்னு சொல்லுவாங்க. நான் மறைக்கலை, அவ இலையில எடுத்து வச்சேன்.

அவ தாளை எடுத்துப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. உதடு அசைஞ்சுது, தேதியைக் கணக்குப் போட்டுப் பாக்கறான்னு தெரிஞ்சுது. அப்புறம் என்னைப் பாத்தா. கோவமாப் பாப்பான்னு நான் பல்லைக் கடிச்சுக்கினு இருந்தேன். அவ கண்ணுல கோவம் இல்லை, சந்தேகம் இருந்துச்சு. என் மேல இல்லை.

"மறுத்துப் பேசாம யோசிச்சுச் சொல்லும்மா"ன்னாரு மேனேஜர். பிரிண்டர் அண்ணன் ஜமக்காளத்து நூலைப் பிரிச்சுக்கினு இருந்தாரு. அவருக்குத் தெரியும்னு நினைக்கிறேன். முந்தின நாளு ரிப்பன் மாத்தினது அவர் இல்லையே. ஆனாலும் அந்த வாரமும் ரிப்பன் மாத்த மறந்துட்டேன்னுதான் சொன்னாரு.

"நன்றி. திருத்திக்கிறேன்"னா அவ. நோட்டுல எழுதி, கையெழுத்தும் போட்டா.

மேனேஜருக்குப் பழம் நழுவிப் பால்ல விழுந்த மாதிரி. எங்க கூட்டத்துலயே தப்பைக் கண்டுபிடிச்சோம், செஞ்சவங்களே ஒத்துக்கிட்டாங்கன்னு ஆலைக்கு லெட்டர் எழுதினாரு. ஆலைக்காரனும் விவசாயிங்களுக்கு ஒரு ஆளைக் காட்ட வேண்டியிருந்துச்சு. ஊருக்கு இளைச்சவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. எங்க சித்தப்பாகிட்ட நானே சொன்னேன், டிரெய்னிங்ல வந்த பொண்ணு ஒண்ணு பண்ணிடுச்சுன்னு. எந்த ஊருன்னு கேட்டாரு. சொன்னேன். "அதான பாத்தேன்"னாரு. வீட்டுல எல்லாரும் ஒரு மூச்சு அவளைப் பேசித் தீத்தாங்க. நான் தட்டுல சோத்தைப் போட்டுக்கினு கேட்டுக்கினு இருந்தேன்.

அன்னைக்குக் கூட்டம் முடிஞ்சு மாடிப்படி எறங்கறப்ப அவ பின்னாடியே வந்தா. கீழ்ப்படியில நிறுத்தி, மெதுவாக் கேட்டா.

"அக்கா, நிஜமா சொல்லுங்க. அதை நானா எடுத்தேன்? எனக்கு ஞாபகமே இல்லக்கா. தலைப்பு திருத்தினது ஞாபகம் இருக்குது. அந்த வரியத் தொட்டது ஞாபகம் இல்லை. ஆனா எழுத்து என்னோடதா இருக்குது."

ஒரு வருஷமா வாராவாரம் தன்னைத்தானே கிழிச்சுப் பாத்த பொண்ணு. அதுவரைக்கும் சொன்ன எல்லாத் தப்பையும் சரிதான்னு ஏத்துக்கினவ. தன் ஞாபகத்தை விடத் தாள்ல இருக்கற எழுத்தை நம்பறதுக்கு நாங்கதான் அவளைப் பழக்கியிருந்தோம். அந்த நேரத்துல கூட நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வெளியில சொல்லாட்டியும் போவுது, அவகிட்ட மட்டுமாவது சொல்லியிருந்தா, வேலை போனாலும் புத்தி அவளோடதா இருந்திருக்கும்.

"உனக்கே தெரியலைன்னா எனக்கெப்படிடி தெரியும்?"னு கேட்டேன்.

அவ தலையாட்டிட்டு ஸ்டேஷனுக்குப் போனா. திங்கக்கிழமை வந்து அந்த வரியைத் திரும்பச் சேத்து, ஆறு மாசத்து அட்டையையும் போட்டுச் சோதிச்சு, சரியாக்கி வச்சா. பங்குனி முடிஞ்சுது. மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, "தண்டனை இல்லைன்னு நான் குடுத்த வாக்கு வாக்குதான்மா. இது தண்டனை இல்லை. பர்மனென்ட் பண்ணலை, அவ்வளவுதான்"ன்னாரு. அதுக்கும் அவ நன்றி சொன்னாளாம். மேனேஜர் இதை எங்ககிட்ட பெருமையாச் சொன்னாரு. எவ்வளவு பக்குவம் பாருங்கன்னாரு.

அடுத்த சனிக்கிழமை வட்டத்துல நாலு பேருதான். ஒருத்தர் போனதுல இருந்து நாம இன்னா கத்துக்கிட்டோம்னு எல்லாரும் சொல்லணும்னாரு மேனேஜர். ஆளாளுக்கு அவளைப் பத்தி நல்லதாச் சொன்னோம். நானும் சொன்னேன். குரல் கூடக் கம்முச்சு எனக்கு. அது நடிப்பா நிஜமான்னு கேட்டா, அந்த ஜமக்காளத்துல உக்காந்து உக்காந்து அந்த வித்தியாசம் எனக்கும் போயிருந்துச்சு.

சித்திரையில ஒருநாள் பகல்ல அவங்க அம்மா வந்தாங்க. மாடிப்படி கடைசியில நின்னுக்கினு, உள்ள வராம, "இங்க அக்கான்னு ஒருத்தங்க"ன்னு கேட்டாங்க. நான் எழுந்து போனேன். எங்க ஊர்ல பாத்திருந்தா அந்த வயசு அம்மாவை 'இன்னா வந்த'ன்னுதான் கேட்டிருப்பேன். ஆபீஸ்ங்கறதால, "இன்னா வேணும்ங்க"ன்னு ஒரு 'ங்க' போட்டேன். அதுக்கே அவங்க கூசிப் போனாங்க. ஒரு மஞ்சப்பையில மல்லாட்டை கொண்டாந்திருந்தாங்க. கையில குடுக்காம, படி மேல வச்சுட்டுத் தள்ளி நின்னாங்க.

"எம் பொண்ணு ஊட்டுல வாயத் தொறக்க மாட்டேங்குதும்மா. வேலையில வச்சிக்கலன்னு மட்டும் சொல்லுது. சிஸ்டராண்ட போய்க் கேட்டேன், அந்தச் சீட்டு வேற பொண்ணுக்குப் போயிடுச்சாம். இப்ப என்னோட கொல்லைக்கு வருது. சரியா சாப்பிடறதில்ல, தானா பேசிக்கினு இருக்குது. ரெண்டு எழுத்து, ரெண்டு எழுத்துன்னு மண்ணுல எழுதி எழுதிப் பாக்குது. அவங்க அப்பா, யாரோ வேணும்னே எம் பொண்ணு மேல பழி போட்டுட்டாங்கன்னு கத்திக்கினு இருக்காரு. எனக்கும் அப்பிடித்தான் தோணுது. இங்க எல்லாரையும் விட நீங்கதான் அதுக்கு நல்லதப் பேசுவீங்கன்னு வாய் ஓயாம சொல்லும். நீங்க ஒரு வார்த்தை சொன்னா மேனேஜரு கேப்பாருங்களே."

நான் உள்ள போனேன். நோட்டை எடுத்துக்கினு வந்தேன். எதுக்கு எடுத்தேன்னு இன்னைக்கும் எனக்குச் சரியாச் சொல்லத் தெரியலை. அவங்க என்னை அப்படி நம்பிப் பாத்தது பொறுக்கலையோ என்னவோ. பக்கத்தைத் திருப்பி, அந்த எடத்துல விரலை வச்சேன்.

"யாரும் பழி போடலைம்மா. உங்க பொண்ணே ஒத்துக்கினு எழுதியிருக்குது. இதோ பாருங்க, கையெழுத்து."

அவங்களுக்குப் படிக்கத் தெரியாது. குனிஞ்சு பாத்தாங்க. "இதுல எதும்மா அது பேரு?"ன்னு கேட்டாங்க. காட்டினேன். தொடாம, விரலை மேலாக்க ஓட்டிப் பாத்தாங்க.

"இத அதுவேவா எழுதிச்சி? யாரும் மெரட்டலையே?"

"இல்லைம்மா. அதுவேதான்."

 முந்தானையால மூஞ்சியைத் தொடச்சுக்கிட்டாங்க. அப்புறம் நிமிந்து, என்னைப் பாத்துக் கும்பிட்டாங்க.

"எம் பொண்ணு பொய் சொல்லாதும்மா. பொறந்ததுல இருந்து சொன்னதில்ல. அது ஒத்துக்கிச்சின்னா, அது செஞ்சிதான் இருக்கும். வெவரம் தெரியாம உங்களையெல்லாம் மனசுல திட்டிட்டேன், மன்னிச்சிக்கோங்க. அவங்க அப்பாராண்டயும் போயிச் சொல்லிடறேன், யாரையும் தப்பாப் பேசாதன்னு. அதாண்டயும் சொல்றேன், செஞ்சத செஞ்சன்னு நெனச்சிக்கினு சும்மா கெட, யோசிச்சிக்கினே இருக்காதன்னு."

"சரிங்க, போய்ச் சொல்லுங்க"ன்னு சொன்னேன்.